புகழுடையோர் மறைவும் பொதுமக்கள் துயரமும்



நான் பட்ட வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். கல்லூரி விடுதியில் என்னோடு ஓர் அறையில் இருந்த நண்பன் கணக்கில் வல்லவன். அவ்வாண்டின் இறுதியில் அவன் பேச்சுக் குறைந்தது, உணவு குறைந்தது, விடியுமுன் விழித்துச் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருப்பான். சோம்பல் என்று நாங்கள் கேலி செய்தோம். கோடை விடுமுறைக்கு ஊர் சென்றவன் திரும்பி வரவில்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்ற செய்திதான் வந்தது.

துக்கம் விசாரிக்கச் சென்ற எங்களை உறவினர் ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, "யார் கேட்டாலும் வயிற்றுவலி என்று சொல்லுங்கள்" என்றார். உள்ளே அவன் தாய் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஏம்ப்பா, கூடவே இருந்தியே, அவனுக்கு வயித்துவலியா இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் ஆம் என்று தலையசைத்தேன்.

"தீராத வயிற்றுவலியால்" என்னும் தொடரைத் தமிழ்ப் பத்திரிகை படிப்போர் யாவரும் அறிவர். எத்தனை எத்தனை வீடுகளின் துயரத்தை அத்தொடர் மூடி வைத்திருக்கிறது! எளியவர் ஒருவர் இவ்வாறு மறைந்தால் ஊர் வாயைப் பொத்திக்கொள்கிறது. புகழ்பெற்ற ஒருவர் மறைந்தாலோ, உலகம் வாய் ஓயாமல் பேசுகிறது. முன்னது மௌனம், பின்னது ஆரவாரம். ஆயினும் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதே என் கருத்து. மனத்துக்கும் நோய் வரும் என்பதை ஏற்க நாணுகின்ற சமுதாயம்தான் ஓரிடத்தில் மறைக்கிறது. மற்றோரிடத்தில் மர்மம் தேடுகிறது. இதனை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

முதலில் நாணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். இங்கிலாந்தில் நெடுங்காலம் இவ்வாறு மாண்டவருக்குத் திருச்சபையின் இடுகாட்டில் இடமில்லை. நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் இருந்தது. 1823-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வழக்கத்துக்கு முடிவு கட்டியது. இறந்தவரின் உடைமையை அரசு கவர்ந்துகொள்ளும் விதி 1870-ல் ஒழிந்தது. முயன்று பிழைத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் விதியோ 1961 வரை நீடித்தது. அந்நாட்டார் நம்மை ஆண்டபோது, 1860-ல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவிலும் அதே நோக்கு இடம்பெற்றது. பிழைத்தெழுந்தவருக்கு ஓராண்டு வரை சிறை! நம் மொழியிலும் அச்செயலின் பெயரில் 'கொலை' என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். இந்நிலையில், வாசலில் நின்ற அந்த உறவினர் போலீசுக்கும் ஊராருக்கும் அஞ்சியதில் வியப்பில்லை. அவர் சொன்ன பொய்க்குப் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அச்சம் நின்றது.

இனி, ஆரவாரத்தின் கதைக்கு வருவோம். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் இல்லத்தில் மரிலின் மன்றோ இறந்து கிடந்தார். அவருக்கு வயது 36. உலகெங்கும் அறிமுகமான அம்முகம், இளமையில் வளர்ப்பு வீடுகளிலும் அநாதை விடுதியிலும் வாடிய முகம். அவருடைய தாய் மனநோய் மருத்துவமனைகளில் நெடுங்காலம் இருந்தவர். இவை யாவும் அன்றே பலர் அறிந்தவை. எனினும் மக்கள் காண விரும்பியது திரையில் சிரித்த பெண்ணைத்தான்.

அந்நகரத்தின் பிரேத விசாரணை அதிகாரி ஓர் அரிய செயல் செய்தார். உடற்கூற்றுச் சோதனையோடு நிற்காமல், 1958-ல் அங்கே தோன்றியிருந்த தற்கொலைத் தடுப்பு மையத்தின் அறிஞர் மூவரை அழைத்து, அவர் மனநிலையையும் ஆராயச் சொன்னார். அவர்கள் மன்றோவை அறிந்தவர்களைக் கேட்டனர். அவர் கடந்த நாட்களைத் தொடர்ந்து பார்த்தனர். அவர் நெடுநாளாக அச்சத்துக்கும் அடிக்கடி வரும் மனச்சோர்வுக்கும் ஆளாகியிருந்தார் என்றனர். அதிகாரியின் முடிவு, 'தற்கொலையாக இருக்கக்கூடும்' என்பது.

உலகம் அதனைக் கேட்டதா? நோய் என்ற சொல் அதற்குச் சுவைக்கவில்லை. யார் கொன்றார், எந்த அரசியல்வாதி வந்து போனார் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நூல்கள் எழுதப்பட்டு வருகின்றன. ஒரு பெண்ணின் துன்பம் துப்பறியும் கதையாக மாறிவிட்டது.

அந்த ஆரவாரத்தின் விலை என்ன என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1974-ல், டேவிட் பிலிப்ஸ் என்னும் சமூகவியலறிஞர் கணக்கிட்டார். பெரும் பத்திரிகையின் முதற்பக்கத்தில் இத்தகைய மரணச் செய்தி வந்தபின், தம் உயிரை மாய்த்துக்கொள்வோர் தொகை உயர்வதை அவர் கண்டார். செய்தி எத்தனை நாள் முதற்பக்கத்தில் நின்றதோ அதற்கேற்ப உயர்வும் மிகுந்தது. மன்றோ மறைந்தபின் அமெரிக்காவில் அத்தொகை 12 விழுக்காடு உயர்ந்தது. கடல் கடந்து இங்கிலாந்திலும் ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்தது. இவ்விளைவுக்கு அவர் 'வெர்தர் விளைவு' என்று பெயரிட்டார். ஜெர்மானியக் கவிஞர் கெதே 1774-ல் எழுதிய புதினத்தின் நாயகனே வெர்தர். அவன் முடிவை இளைஞர்கள் பின்பற்றுவரோ என்று அஞ்சி, மறு ஆண்டே லைப்சிக் நகரத்தார் அந்நூலையும், அவனைப் போல் உடுத்தும் உடையையும் தடை செய்தனர். நகரத்தாரின் அச்சத்துக்கு அடிப்படை உண்டு என்பதை இருநூறு ஆண்டு கழித்துக் கணக்கு காட்டிற்று.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அப்படியானால் வாய் பொத்தியிருப்பதே நன்றல்லவா, வயிற்றுவலி என்று மறைத்ததே அறிவல்லவா என்று நீங்கள் கேட்கக்கூடும். அன்று. கேடு பேசுவதில் இல்லை. பேசும் முறையில் உள்ளது. இதற்கு வியன்னா நகரம் சான்று. அங்கே 1978-ல் தொடங்கிய சுரங்க ரயில் நிலையங்களில் இத்தகைய மரணங்கள் 1984 முதல் பெருகின. பத்திரிகைகள் அவற்றை நாடகம் போல வருணித்தன. 1987-ல் ஆஸ்திரிய நாட்டு மருத்துவர்கள் பத்திரிகையாளரை அணுகி, பெரிய எழுத்துத் தலைப்பு வேண்டா, வருணனை வேண்டா, காதல் தோல்வி என்று ஒற்றைக் காரணம் சூட்ட வேண்டா என்று நெறி வகுத்துத் தந்தனர். பத்திரிகைகள் இணங்கின. அடுத்த ஆறு மாதங்களில் அந்நிலையங்களில் நேர்ந்த மரணங்களும் முயற்சிகளும் முக்காற்பங்குக்கு மேல் குறைந்தன. மருந்தில்லை, சட்டமில்லை; சொல் மாறிற்று, உயிர்கள் பிழைத்தன.

சொல் மாறினால் துயரமும் மாறும் என்பதைக் காட்டியது மற்றொரு நகரம். அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள சியாட்டில் அது. அம்மாநிலத்தின் மரம் அறுக்கும் சிற்றூரான அபர்தீனில் பிறந்த கர்ட் கோபேன் என்னும் பாடகர், 'நிர்வாணா' என்ற இசைக்குழுவின் தலைவராய் 1991-ல் உலகப் புகழ் பெற்றார். மன்றோவைப் போலவே அவருக்கும் புகழ் மருந்தாகவில்லை. அவர் மனச்சோர்வால் வருந்தினார். போதைப் பழக்கத்தில் சிக்கினார். மற்றொன்றும் சொல்ல வேண்டும்: மருத்துவரால் காரணம் காணமுடியாத கடும் வயிற்றுவலி மெய்யாகவே அவருக்குப் பல ஆண்டுகள் இருந்தது! 1994 ஏப்ரலில், தம் 27-ஆம் வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

செய்தி வெளியான இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, நகரின் நடுவே இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். மெழுகுவத்தி ஏந்தி அழுதனர். கோபேனுடைய மனைவியின் குரலைப் பதிவு செய்து அங்கே ஒலிபரப்பினர். அக்குரலில் அழுகையோடு சினமும் இருந்தது. அம்மரணத்தை அவர் அழகுபடுத்தவில்லை; அது விட்டுச்சென்ற புண்ணைக் காட்டினார். நகரத்துப் பத்திரிகைகளும் வானொலியும் பாடகரின் இசை வேறு, அவர் முடிவு வேறு என்று பிரித்துப் பேசின. இசையைப் போற்றின, முடிவைப் போற்றவில்லை. துன்புறுவோர் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணை மீண்டும் மீண்டும் அறிவித்தன.

பின்வந்த வாரங்களைப் பேரச்சத்தோடு நோக்கியிருந்த ஆய்வாளர்கள் இரண்டு செய்திகளைக் கண்டனர். அவர்கள் அஞ்சியபடி அப்பகுதியில் மரணங்கள் பெருகவில்லை. பெருகியது ஒன்றே: உதவி நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகள். மன்றோவுக்காக அழுத உலகமும் கோபேனுக்காக அழுத நகரமும் ஒரே அன்பால்தான் அழுதன. ஆனால் ஓரிடத்தில் அந்த அன்பு வம்பாயிற்று, மற்றோரிடத்தில் வழியாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிர் துறக்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்று விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. 2019-ல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் செய்தி வெளியிடும் நெறிகளை ஏற்றது.

ஏட்டில் எழுதியது நாட்டில் நின்றதா? அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 2020 ஜூனில் இந்தித் திரைப்பட நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் 34-ஆம் வயதில் மறைந்தார். அவருக்காக இளைஞர்கள் பலர் உண்மையாகவே கண்ணீர் வடித்தனர். ஆனால் மாதக்கணக்கில் தொலைக்காட்சி நிலையங்கள் நீதிமன்றங்களாய் மாறின. மறைந்தவரின் மருந்துச் சீட்டு முதல் நண்பர்களின் கடிதம் வரை சந்தைக்கு வந்தது. 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் இப்போக்கைக் கண்டித்தது. இவ்வாறு இறந்தவரை உறுதியற்ற மனம் படைத்தவர் என்று சித்திரிக்கலாகாது என்றும் நெறி கூறியது. நண்பர்களே, இந்தக் கடைசிச் சொற்றொடரை உங்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு கோழைத்தனம் அன்று, சோம்பலும் அன்று. அது உறக்கத்தையும் பசியையும் நம்பிக்கையையும் கவர்ந்துகொள்ளும் நோய். மருந்தாலும் மருத்துவர் உரையாடலாலும் பெரும்பாலோர் தேறுகின்றனர்.

ஆகவே உங்கள் மனங்கவர்ந்த ஒருவர் இவ்வாறு மறைந்தால் அழுங்கள், அழுவதில் இழுக்கில்லை. எப்படி மாண்டார் என்று ஆராயாதீர்கள். யாரால் மாண்டார் என்று தூற்றாதீர்கள். அவர் கலையை நினையுங்கள். பின்னர் உங்கள் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பாருங்கள். பேச்சுக் குறைந்த நண்பன் அங்கே இருக்கக்கூடும். "என்ன நேர்ந்தது?" என்று கேளுங்கள், இறந்துவிட எண்ணுகிறாயா என்றும் அஞ்சாமல் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை, தனிமைதான் குறைகிறது. அவனைத் தனியே விடாமல் பெரியவரிடமும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 2022-ல் மைய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது; தமிழிலும் பேசலாம். அந்த எண் உங்களுக்கே தேவைப்பட்டால் நாணமின்றி அழையுங்கள்.

என் நண்பனின் தாய் இன்று இல்லை. அன்று அவள் என்னிடம் கேட்டது வயிற்றுவலியைப் பற்றி அன்று என்பதை வெகு காலம் கழித்தே உணர்ந்தேன். தன் மகனுக்கு என்ன நோவு இருந்தது என்று அறியவே அவள் விரும்பினாள். அறிந்த ஒருவன் சொல்லுவான் என்று நம்பினாள். நான் தலையசைத்து அவளை ஏமாற்றினேன். அவள் மீண்டும் கேட்கக்கூடுமானால், இவ்வாறு விடை சொல்லுவேன்: "அவனுக்கு நோய் இருந்தது, அம்மா. அதன் பெயர் மனச்சோர்வு. அவன் கோழையல்லன். அருகில் இருந்த எங்களுக்குத்தான் அது தெரியவில்லை."