கடுங்குளிரில் நான்கு சில்லு மோட்டார் வண்டி: காலையில் ஸ்ராட் ஆக மாலையே செய்யவேண்டியவை

கனடாவின் வடக்கு ஒன்ராறியோவிலும் மானிற்றோபாவிலும் சனவரி மாதக் காலைகளில் வெப்பநிலை மைனஸ் 30 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது புதினமல்ல. அந்தக் குளிரில் வாசலில் குவிந்த பனியைத் தள்ளவும், உறைந்த ஏரிக்கு மீன்பிடிக்கப் போகவும், காட்டுக்குள் இருந்து விறகு இழுக்கவும் பலர் ஏ.ரி.வி எனப்படும் நான்கு சில்லு வண்டியைப் பயன்படுத்துகிறார்கள். குவாட் என்றும் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளின் கைபிடியும் இருக்கையும், காற்றுக் குறைவாக அடித்த அகன்ற ரயர்களும் கொண்டது. நூனவுட் பகுதியின் இனுவிட் ஊர்களில் எந்தக் கம்பனியின் வண்டியானாலும் அதை 'ஹொண்டா' என்று அழைக்கும் வழக்கமும் உண்டு.

வீட்டு வாசலில் இந்த வண்டி ஸ்ராட் ஆகாவிட்டால் எரிச்சலோடு போய்விடும். இருபது கிலோமீற்றர் தள்ளி, தொலைபேசி வேலை செய்யாத ஏரிக்கரையில் ஆகாவிட்டால் அது உயிர்ப் பிரச்சினை. காலையில் பொத்தானை அழுத்தும்போது இயந்திரம் இயங்குமா என்பதைப் பெரும்பாலும் முதல் நாள் மாலை செய்ததும் செய்யாததுமே தீர்மானிக்கின்றன.

முதல் குற்றவாளி பற்றரி

குவாட்டின் பற்றரி சிறியது. பெரும்பாலும் 12 முதல் 30 அம்பியர்-மணி வரைதான். ஈய அமிலப் பற்றரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் குளிரில் மெதுவாகிறது. மைனஸ் 18 பாகையில் அதனால் கொடுக்கக்கூடிய வலு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். அதே நேரம், தடித்துப்போன ஒயிலுக்குள் இயந்திரத்தைச் சுற்ற வழக்கத்தைவிடக் கூடுதலான வலு தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய வீட்டின் நிலைமைதான்.

முழுதாகச் சாஜ் ஏறிய பற்றரி மைனஸ் 50 பாகையிலும் உறையாது. முற்றாக இறங்கிய பற்றரியோ மைனஸ் 10 பாகைக்கு அண்மையிலேயே உறைந்துவிடும், ஏனென்றால் அதற்குள் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பக்கங்கள் வீங்கியிருந்தாலோ, உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ அதைச் சாஜ் பண்ணவும் கூடாது, வேறு பற்றரியோடு இணைத்து ஸ்ராட் பண்ணவும் கூடாது. வெடிக்கக்கூடும்.

மாலையில் வண்டியை நிறுத்தியதும் சிறிய பராமரிப்புச் சாஜரில் மாட்டிவிடுங்கள், அல்லது பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். ஓய்வில் இருக்கும் பற்றரி 12.6 வோல்ற்றுக்கு மேல் காட்டவேண்டும். 12.2 காட்டினால் அதில் பாதிதான் இருக்கிறது. லிதியம் பற்றரி போட்டவர்கள் கவனிக்கவேண்டியது வேறு: உறைநிலைக்குக் கீழே அதைச் சாஜ் பண்ணினால் பழுதாகும், ஆகவே முதலில் உள்ளே கொண்டுவந்து சூடாக விடவேண்டும். ஸ்ராட் பண்ணுமுன் ஒரு நிமிடம் முன்விளக்கை எரியவிட்டால் அந்தப் பற்றரி கொஞ்சம் உசாராகும்.

ஒயிலும் தண்ணீரும்

ஒயில் போத்தலில் உள்ள '10டபிள்யூ-40' போன்ற குறியீட்டில் முதல் எண்தான் குளிருக்கானது. 10டபிள்யூ ஒயில் மைனஸ் 25 பாகை வரையும், 5டபிள்யூ மைனஸ் 30 வரையும், 0டபிள்யூ மைனஸ் 35 வரையும் இயந்திரத்தைச் சுழலவிடும் அளவுக்கு இளகியிருக்கவேண்டும் என்பதே அளவுகோல். கோடையில் ஊற்றிய ஒயிலோடு சனவரிக்குப் போவது வீண் வம்பு. எந்த ஒயில் பொருந்தும் என்று வண்டியின் கையேட்டில் அட்டவணை இருக்கும்.

பலர் அறியாத இன்னொரு விடயம் உண்டு. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி புகைக்குழாயால் வெளியேறினாலும் சிறு பகுதி ஒயிலுக்குள் இறங்குகிறது. நீண்ட தூரம் ஓடினால் இயந்திரச் சூட்டில் அது காய்ந்துவிடும். ஐந்து நிமிடம் பனி தள்ளிவிட்டு நிறுத்தினால் உள்ளேயே தங்கும். ஒயில் பால் கலந்த தேநீர் போலத் தெரிந்தால் காரணம் இதுதான். அந்த ஈரம் இயந்திரத்தின் மூச்சுக்குழாயில் உறைந்து அடைத்தால், உள் அழுத்தம் ஒயிலைச் சீல்களின் வழியே வெளியே தள்ளிவிடும். ஆகவே ஸ்ராட் பண்ணினால் இயந்திரம் நன்றாகச் சூடாகும்வரை ஓடுங்கள். ஓடுவதற்கு வேலை இல்லாவிட்டால் ஸ்ராட் பண்ணாமல் விடுவதே நல்லது. 'சும்மா இரண்டு நிமிடம் போட்டு அணைக்கிறேன்' என்பது வண்டிக்குச் செய்யும் உபகாரமல்ல.

பெற்றோல்: நமக்குத் தெரிந்த பாடம்

1990இல் மீண்டும் போர் தொடங்கிய பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய யாழ்ப்பாணத்தவருக்கும் வன்னி மக்களுக்கும் இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பின்னர்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். எரிவது திரவமல்ல, அதன் ஆவி. மண்ணெண்ணெய் நம் ஊர் வெயிலிலேயே போதிய ஆவி தரவில்லை. மைனஸ் 30இல் பெற்றோலும் கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் குளிர்நாடுகளில் எளிதில் ஆவியாகும் குளிர்காலப் பெற்றோலை விற்கிறார்கள். செப்ரெம்பரில் நிரப்பிய தாங்கியோடு சனவரியில் மல்லுக்கட்டாதீர்கள். தாங்கியை நிரப்பியே வையுங்கள். வெற்றிடம் இருந்தால் ஈரம் படிந்து, குழாயில் உறையும்.

காபரேற்றர் வண்டியானால் சொக்கை முழுதாக இழுத்து, அக்சிலேற்றரைத் தொடாமல் பொத்தானை அழுத்துங்கள். அக்சிலேற்றரைத் திறந்தால் சொக் உறிஞ்சும் வலு போய்விடும். எரிபொருள் உட்செலுத்தும் முறையுள்ள புதிய வண்டிகளில் திறப்பைப் போட்டதும் பம்பின் இரைச்சல் அடங்கும்வரை ஓரிரு விநாடி பொறுங்கள். அதிலும் அக்சிலேற்றர் வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பெற்றோல் மணம் அடித்தால் பிளக் நனைந்துவிட்டது என்று பொருள். கழற்றித் துடைத்து உலர்த்துங்கள், அல்லது புதியதைப் போடுங்கள். மண்ணெண்ணெய்க் காலத்தில் பிளக் உரஞ்சிய கைகளுக்கு இது பெரிய வேலையல்ல.

சூடாக்குதல்

வின்னிப்பெக் நகரின் வாகனத் தரிப்பிடங்களில் மின்செருகிகள் இருப்பதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் வியப்பார்கள். அவை இயந்திரத்தைச் சூடாக்கும் ஹீற்றருக்கானவை. குவாட்டுக்கும் ஒயில் தொட்டியின் அடியில் ஒட்டும் சிறிய ஹீற்றர் தகடுகள் கிடைக்கின்றன. இரண்டு மூன்று மணி நேரம் மாட்டினாலே போதும். காற்றை மறைத்து, மேலே தார்ப்பாய் போட்டால் இன்னும் நல்லது. தீப்பந்தம், அடுப்பு, கரிச்சட்டி எதையும் இயந்திரத்துக்குக் கீழே வைக்கவேண்டாம். மூடிய கராஜுக்குள் இயந்திரத்தை ஓடவிடவும் வேண்டாம். கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஸ்ராட் பண்ணுமுன் அக்சிலேற்றர் நெம்பை ஒரு தடவை அழுத்தி விடுங்கள். அது தானாகத் திரும்பாவிட்டால் கேபிள் உறைந்திருக்கிறது, அந்த நிலையில் வண்டியை எடுக்கக்கூடாது. பிறேக்கும் ஒட்டியிருக்கலாம். முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

தூரப் பயணத்தில் கையடக்கப் பற்றரிப் பெட்டியைப் பயணப்பையில் அல்ல, மேலங்கிக்கு உள்ளே வையுங்கள். உடற்சூட்டில் இருந்தால்தான் அதுவும் வேலை செய்யும். மேலதிக பிளக் ஒன்று, தீப்பெட்டி, காய்ந்த மேலுறை, காலுறை. முடிந்தால் இரண்டு வண்டியாகப் போங்கள். திரும்பும்போது ஒன்று இயங்கிய பின்னரே தரித்த இடத்தின் கூடாரத்தைக் கழற்றுங்கள். தனியே போனால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வையுங்கள்.