பொல்லா நிலம்

லான்சரோட்டே தீவை நான் முதலில் பார்த்தது ஒரு கோடாகத்தான். கீழே 0 முதல் 180 வரை கிலோமீட்டர், இடது பக்கம் உயரம், நடுவே மழுங்கிப்போன ரம்பம் மாதிரி ஒரு கோடு. அயர்ன்மேன் பந்தயத்தின் சைக்கிள் பாதை அது. மொத்த ஏற்றம் சுமார் 2500 மீட்டர்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எண்களைப் பார்த்தால் கை தானாக எக்செல்லைத் திறந்துவிடும். நானும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. 80 கிலோவை 2500 மீட்டர் தூக்கக் கிட்டத்தட்ட 20 லட்சம் ஜூல் வேண்டும். தசைகள் எரிக்கும் ஆற்றலில் கால் பங்குகூட மிதிக்கட்டைக்கு வந்து சேராது. ஆக, ஏற்றத்துக்கு மட்டும் உடம்பு சுமார் 2000 கிலோகலோரி எரிக்க வேண்டும். ஏலகிரி சாலை கீழிருந்து மேலே அறுநூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நான்கு முறை ஏறினால் கணக்கு முடிந்தது.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான்தான் பந்தயத்தை முடிக்கவில்லை.

தீவின் வடக்கே, அரியா ஊருக்கு ஏறும் சாலையில், காற்று என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. சமதரையில்கூட சின்ன கியர். இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருந்தது. ஒரு திருப்பத்தில் பக்கவாட்டுக் காற்று முன்சக்கரத்தைப் பிடுங்கியது. அதன் பிறகு பிரேக்கை விடவே பயம். நேர வரம்பு முடிந்ததும் தன்னார்வலர் ஒருவர் மென்மையாகக் கை நீட்டி, என் கணுக்காலில் இருந்த சிப்பைக் கேட்டார். கழற்றிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தேன்.

வேன் ஜன்னல் வழியாகத்தான் அந்த நிலத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது கைப்பிடியில் மாட்டிய சின்னத் திரையைத்தான். கண்ணுக்கு எட்டியவரை கரி கொட்டி வைத்ததுபோலக் கறுப்பு. கறுப்பில் ஆயிரக்கணக்கான குழிகள். ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் அரைவட்டமாக அடுக்கிய கல்சுவர். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரே ஒரு பச்சைக் கொடி. அது என்ன என்று ஓட்டுநரிடம் சைகையில் கேட்டேன். "வீனோ" என்றார். ஒயின்.

அந்தச் சுவர்கள் எல்லாமே ஒரே திசையைப் பார்த்து நின்றன. காலையிலிருந்து என்னை அடித்துக்கொண்டிருந்த காற்று வந்த திசை அது. அந்த ஊர் விவசாயிக்குத் தெரிந்த ஒரு விஷயம் என் எக்செல்லில் இல்லை.

*

பந்தயத்தின் கதை சின்னது. 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில், ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, ஏற்கெனவே அங்கே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்று பந்தயங்களை ஒன்றாகக் கோத்தார். கடல் நீச்சல், தீவைச் சுற்றி சைக்கிள், மாரத்தான். 3.8 கிலோமீட்டர், 180 கிலோமீட்டர், 42.2 கிலோமீட்டர். பதினைந்து பேர் கிளம்பி, பன்னிரண்டு பேர் முடித்தார்கள். இன்று உலகம் முழுக்கப் புனித எண்கள்போலப் பின்பற்றப்படும் இந்தத் தூரங்களுக்கு உடலியல் காரணம் எதுவும் கிடையாது. ஒரு தீவின் சுற்றளவும் அங்கே வழக்கத்தில் இருந்த நீச்சல் தூரமும்தான் காரணம். அதாவது, அயர்ன்மேன் பிறந்ததே ஒரு நிலத்தின் அளவிலிருந்து.

ஹவாய் பந்தயத்தில் கலந்துகொண்ட கென்னத் காஸ்க் என்ற டென்மார்க்காரர் அதை லான்சரோட்டேவுக்குக் கொண்டுவந்தார். முதல் பந்தயம் 1992இல். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர் தள்ளி, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்று இது. உலகின் மிகக் கடினமான அயர்ன்மேன்களில் ஒன்று என்று பெயர். பெயருக்குக் காரணம் மலைகளின் உயரம் இல்லை. தீவின் மிக உயர்ந்த இடமே 700 மீட்டரைத் தொடாது. நம்ம ஏற்காடு அதைவிட ரொம்ப உயரம். ஆனால் மறைவதற்கு ஒரு மரம் கிடையாது. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கடலைத் தாண்டி நேராகச் சாலைக்கு வருகிறது.

*

1730 செப்டம்பர் 1, இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே, டிமன்ஃபாயா என்ற ஊருக்கு அருகே பூமி பிளந்தது. இதை எழுதி வைத்தவர் பக்கத்து ஊரான யைசாவின் பாதிரியார், அந்திரேஸ் லொரென்சோ குர்பெலோ. எரிமலைக் குழம்பு எந்தப் பக்கம் திரும்பியது, எந்த ஊர் எரிந்தது, கால்நடைகள் எப்படி மூச்சுமுட்டி விழுந்தன, கரையில் செத்து ஒதுங்கிய மீன்கள் எப்படி இருந்தன என்று நாள்வாரியாகக் குறித்துக்கொண்டே போனார். ஒருகட்டத்தில் அவரும் தன் ஊர்க்காரர்களோடு கிரான் கனாரியா தீவுக்குப் போய்விட்டார். அவருடைய மூலக் கையெழுத்துப் பிரதி இன்று இல்லை. 1815இல் தீவுக்கு வந்த ஜெர்மன் நிலவியலாளர் லியோபோல்ட் ஃபான் பூஹ் அதன் பகுதிகளைத் தன் நூலில் சேர்த்ததால் நமக்குக் கிடைத்தது.

அந்தக் குறிப்புகளின் விசேஷமே அவற்றின் நிதானம்தான். ஒப்பாரி கிடையாது. தேதி, திசை, ஊர். சர்வர் விழுந்த இரவில் நாங்கள் எழுதும் பதிவுகள் மாதிரி இருக்கும். என்ன நடக்கிறது என்று புரியாதபோது, நடந்ததை நேரத்தோடு குறித்து வைப்பதுதான் மனிதன் செய்யக்கூடிய முதல் காரியம்போல.

வெடிப்பு 1736 ஏப்ரல் 16 வரை நீடித்தது. ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல். தீவின் கால்வாசி மூடிப்போனது. டிமன்ஃபாயா, சாந்தா கத்தலீனா, மாசோ, ரொதேயோ என்று ஊர்கள் காணாமல் போயின. மூடப்பட்ட பகுதியில் தீவின் நல்ல தானிய நிலங்கள் இருந்தன. மாஞ்சா பிளாங்கா ஊரில் மக்கள் மாதா சிலையோடு ஊர்வலம் போனதும் குழம்பு நின்றது, அதற்கு நன்றியாகக் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள், ஆபத்து நீங்கியதும் மறந்துவிட்டார்கள், பிறகு மாதாவே ஒரு சிறுமிக்குக் காட்சி தந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது என்றொரு கதை உண்டு. இந்த மறதிதான் எனக்கு அந்தக் கதையில் மிகவும் நம்பக்கூடிய பகுதி. சைக்கிள் பாதை டிமன்ஃபாயாவின் குழம்பு வெளியைக் கடந்து அந்த ஊர்ப்பக்கமாகத்தான் போகிறது.

குழம்பு உறைந்து கிடக்கும் வெளியை அங்கே 'மல்பயீஸ்' என்பார்கள். பொல்லாத நிலம் என்று பொருள். கால் வைத்தால் செருப்பு கிழியும். அதற்கும் ஒரு படி கீழே, குழம்பு வராமல் சாம்பலும் பொடிக்கல்லும் மட்டும் மழையாகக் கொட்டிய இடங்கள் இருந்தன. வயல் அடியில் அப்படியே இருக்கிறது, மேலே மீட்டர் கணக்கில் கறுப்பு. போகமுடிந்தவர்கள் போனார்கள். போகாதவர்களும் திரும்பி வந்தவர்களும் அந்தக் கறுப்பைத் தோண்டினார்கள்.

தோண்டியபோது தெரிந்த விஷயம் இது. 'பிக்கோன்' என்று அவர்கள் சொல்லும் அந்தக் கறுப்புப் பொடிக்கல் நுண்துளை நிறைந்தது. இரவுப் பனியை வாங்கி அடியிலிருக்கும் மண்ணுக்குக் கொடுக்கும். பகலில் மண்ணின் ஈரம் மேலே போகாமல் மூடியும் வைக்கும். வருடத்துக்கு 150 மில்லிமீட்டர் அளவில்தான் மழை பெய்யும் தீவில் இது பெரிய விஷயம். பழைய மண்ணைத் தொடும்வரை, சில இடங்களில் மூன்று மீட்டர் ஆழத்துக்குக்கூட, புனல் வடிவில் குழி வெட்டினார்கள். ஒரு குழிக்கு ஒரு திராட்சைக் கொடி. காற்று வரும் பக்கம் சாந்து பூசாத அரைவட்டக் கல்சுவர். லா ஹெரியா பள்ளத்தாக்கு முழுக்க இப்படித்தான். எங்கள் பயணத்தில் வேன் ஓட்டுநர் 'வீனோ' என்று சொன்னது இதை.

அந்தச் சுவரின் கற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. காற்றை முழுசாகத் தடுக்கும் சுவர் அதன் பின்னால் சுழலை உண்டாக்கும். இடைவெளி உள்ள சுவர் காற்றின் வேகத்தை மட்டும் குறைக்கும். சாந்து வாங்க முடியாததாலும் இருக்கலாம், அனுபவத்தாலும் இருக்கலாம். ஆனால் அதுதான் சரியான பொறியியல்.

*

அம்மாவுக்கு லா ஹெரியா படத்தைக் காட்டினேன். அம்மா கோவில்பட்டிப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம். கோடை மழைக்கு உழுது, மேல்மண்ணைப் புழுதியாக்கி, அடி ஈரத்தைக் காப்பாற்றுவது அவளுக்குப் பாடப்புத்தகம் இல்லை, தாத்தா செய்த வேலை. பெரிய ஆச்சரியத்தை எதிர்பார்த்தேன்.

"ஒரு கொடிக்கு இம்புட்டுப் பெரிய குழியா? வெளைச்சல் என்ன வந்துரும்?"

"கம்மிதான்மா."

"பின்ன? வேற போக்கிடம் இல்லாமத்தான் செஞ்சிருப்பாங்க. இதப் போயி அழகுங்கற."

அந்த வார்த்தை என்னை நிறுத்திவிட்டது. அதற்குமுன் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதி வைத்திருந்தேன். தீவுக்காரர்கள் எரிமலையை வென்றார்கள், நானும் மலையை வெல்வேன் என்கிற ரீதியில். அழித்துவிட்டேன். அவர்கள் எதையும் வெல்லவில்லை. குழி தோண்டியவர்களுக்கு அது சவால் இல்லை, சாப்பாடு. நான் நுழைவுக் கட்டணம், விமான டிக்கெட், விசா என்று சேமிப்பைக் கரைத்து, யாரோ ஒருவர் ஓடிப்போன நிலத்தில் கஷ்டப்படுவதற்காகப் போகிறேன். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கக்கூடாது. அருகருகே வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அழகு என்று நான் சொன்னதற்கும் ஒரு வரலாறு உண்டு. அரெசிஃபேயில் 1919இல் பிறந்த ஓவியர் சேசார் மன்ரீகே, 1960களில் நியூயார்க்கில் இருந்துவிட்டுத் தீவுக்குத் திரும்பியபோது சுற்றுலா வந்துகொண்டிருந்தது. அடுக்குமாடிகளும் சாலையோர விளம்பரப் பலகைகளும் வேண்டாம் என்று அவர் விடாமல் போராடினார். எரிமலைக் குமிழிகளுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டார். வடமுனைப் பாறையைக் குடைந்து 'மிராதோர் டெல் ரியோ' என்ற காட்சிமாடத்தை வடிவமைத்தார். பொல்லாத நிலம் என்று ஒதுக்கியதை உலகம் காசு கொடுத்துப் பார்க்க வந்தது. 1974இல் குழம்பு வெளி தேசியப் பூங்கா ஆனது. அதற்கு வைத்த பெயர், புதைந்துபோன ஊரின் பெயர்: டிமன்ஃபாயா. முதல் அயர்ன்மேன் நடந்த அதே 1992ஆம் ஆண்டின் செப்டம்பரில் மன்ரீகே கார் விபத்தில் இறந்தார். மிராதோர் டெல் ரியோ பந்தயப் பாதையின் கடைசிப் பெரிய ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. வேன் வேறு வழியாகப் போனது.

*

இரண்டாம் முறை போகிறேன். இந்த முறை தயாரிப்பு கொஞ்சம் வேறு.

முதல் முறை ஈசிஆரில் காலை நாலரைக்குக் கிளம்பி, காற்று எழும்புமுன் மாமல்லபுரம் போய்த் திரும்பிவிடுவேன். சராசரி வேகம் அழகாக வரும். இப்போது சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளம்புகிறேன். கடல்காற்று அப்போதுதான் நன்றாக வரும், தெற்கே போகப் போக முகத்தில் அறையும். காற்றில்லாத நாளில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், எதிரே 25 வேகத்தில் காற்று வரும்போதும் அதே வேகத்தைப் பிடிவாதமாக வைத்திருந்தால், காற்றை எதிர்க்க மட்டும் நான்கு மடங்கு திறன் வேண்டும். போன முறை நான் செய்தது அந்தப் பிடிவாதத்தைத்தான். இப்போது வேகம் காட்டும் எண்ணைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். காற்று எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளட்டும், கால் ஒரே அளவில் சுற்றட்டும்.

பார்க்க மிடுக்காக இருந்த ஆழமான கார்பன் சக்கரங்களை விற்றுவிட்டேன். பக்கவாட்டுக் காற்றுக்கு அவை பாய்மரம். இப்போது சாதாரணத் தாழ்ந்த விளிம்புச் சக்கரம்; கற்களுக்கு நடுவே இடைவெளி விட்ட சுவர் மாதிரி. முன்னே 34 பல், பின்னே 32 பல். கிளப் நண்பர்கள் "தாத்தா கியர்" என்று கிண்டல் செய்கிறார்கள்.

ஏலகிரியும் தொடர்கிறது. அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையேழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை ஏறும்போது பாரி வளைவில், முல்லைக்குத் தேர் கொடுத்தவர் எனக்கு இன்னும் ஒரே ஒரு கியர் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் போன முறைபோல நான்கு ஏற்றம் முடிந்ததும் கணக்கை மூடுவதில்லை. இறக்கத்தைத் தனியாகப் பழகுகிறேன். பயந்து பிரேக் பிடித்த கைதான் போன முறை கால்களுக்கு முன்னால் சோர்ந்தது.

இதெல்லாம் போதுமா? தெரியாது. காற்று அன்றைக்கு எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லமாட்டார்கள். மறுபடியும் சிப்பைக் கழற்றிக் கொடுக்க நேரலாம். சேமிப்பு திரும்ப வராது, மூன்றாவது முறை போக வீட்டில் கேட்கவும் முடியாது.

போன வாரம் அந்தப் பழைய கோட்டு வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். சாப்பிடவேண்டிய இடங்களைச் சிவப்பில் குறித்தேன். டிமன்ஃபாயா ஏற்றத்தின் மேல் நான்கு பெயர்களைப் பென்சிலில் எழுதினேன். காபி கொண்டுவந்த அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சாந்தா கத்தலீனா... மாசோ... இதெல்லாம் என்னடா, ஊர்ப் பேரா?"

"ஆமாம்மா."

"இப்ப யாரு இருக்கா அங்க?"

"யாரும் இல்லம்மா. ரோடுதான் போகுது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு காபியை வைத்துவிட்டு, "பாத்துப் போ" என்றாள்.