எழுத்தாணியும் பேனாவும்

தேர்வு எழுதி வெளியே வரும் மாணவர் கையை உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். குற்றம் கையினதா, பேனாவினதா?

மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தில் பல்லவ கிரந்த எழுத்துகள் உள்ளன. அவை உளி வேலை. செங்கல்பட்டுப் பக்கத்துப் பனைகளோ வேறொரு எழுத்து முறையை நினைவூட்டும். ஓலையில் எழுத இரும்பு எழுத்தாணியை அழுத்தியே தீரவேண்டும். ஆயினும் வலக்கை தனியே பாடுபடவில்லை. இடக்கைக் கட்டைவிரல் எழுத்தாணியைத் தாங்கும்; எழுத எழுத ஓலையே இடப்பக்கம் நகரும். எவ்வளவு நல்ல வேலைப் பங்கீடு!

மைப்பேனாவுக்கு அழுத்தம் அநேகமாக வேண்டாம். நிப்பின் பிளவில் நுண்புழை விசை மையைக் கொண்டுவருகிறது. ஹங்கேரியரான லாஸ்லோ பீரோ 1938-இல் காப்புரிமை பெற்ற பால்பாயிண்ட் பேனாவிலோ மை கெட்டியானது, குண்டும் உருளவேண்டும். ஆகவே அழுத்துகிறோம். விரல் வழுக்காமலிருக்க உராய்வு தேவை; அதற்காக இறுக்கிப் பிடிக்கிறோம். உராய்வுக் கெழு பாதியானால் பிடி இரு மடங்காக வேண்டும்! வழவழப்பான மெல்லிய பேனா வலி தருவது இதனால்தான்.

ஆனால் பேனாவை மட்டும் பழிக்காதீர்கள். இறகுப் பேனாக் காலத்திலேயே, 1713-இல், இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுத்தர்களின் கைவலியைப் பற்றி எழுதினார். ஓயாத ஒரே அசைவும் தசை இறுக்கமும் காரணம் என்றார்.

கடையில் பேனாவைத் தளர்வாகப் பிடித்து ஒரு கோடு இழுங்கள். அழுத்தாமல் மை விழுந்தால் வாங்கலாம். எழுதும்போது பக்கத்துக்கு ஒருமுறை விரல்களை விரித்துவிடுங்கள்.