ஜன்னலுக்கு வெளியே: டிரெஸ்டன் வட்டாரத்தின் புகை வரலாறு

ஜெர்மனியின் சாக்சனியிலுள்ள டிரெஸ்டனுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஹால்ஸ்ப்ரூக்க என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு குன்றின் மேல் 140 மீட்டர் உயரச் செங்கல் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. 1888-89இல் கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமான புகைபோக்கி அதுதான். புகை கக்கிய உருக்காலை குன்றின் மேல் இல்லை, கீழே முல்ட ஆற்றோரம் இருந்தது. அங்கிருந்து கிளம்பிய புகையை ஒரு நீண்ட சுரங்கக்குழாய் ஆற்றைக் கடத்தி, சரிவில் ஏற்றி, புகைபோக்கியின் அடியில் சேர்த்தது. இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. ஃப்ரைபெர்க் வட்டாரத்து வெள்ளி, ஈயத் தாதுக்களை வறுக்கும்போது கந்தக டை ஆக்சைடும் ஆர்செனிக்கும் ஈயத்தூசியும் வெளியேறி, சுற்றுவட்டாரப் பயிர்கள் கருகின, மாடுகள் நோயுற்றன, ஊசியிலைக் காடுகள் பட்டுப்போயின. உருக்காலைகள் சாக்சனி அரசுக்குச் சொந்தமானவை. விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்துக் கொடுத்து அரசு சலித்துப்போயிருந்தது. புகையை உயரே கொண்டுபோய் விட்டுவிட்டால் காற்றில் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும் என்று நம்பினார்கள். இன்று வீட்டு மேசையில் வைக்கும் 3டி ரெசின் பிரிண்டருக்கான ரெசின் புட்டியில் "நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தவும்" என்று அச்சிட்டிருக்கும் வாசகம் அந்த நம்பிக்கையின் வாரிசு. ஆனால் அதே சாக்சனி மண்ணில் அதைவிடத் தெளிவான வேறொரு பாடமும் உருவானது. நச்சாவி கிளம்பும் பொருளை முதலில் மாற்று, மாற்ற முடியாததைக் கிளம்பும் இடத்திலேயே பிடி, மிஞ்சியதை மட்டும் வெளியே அனுப்பு என்பது அந்தப் பாடம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி ஜன்னலைத் திறப்பதிலிருந்து தொடங்குவதுதான் இன்றைய வீட்டுப் பட்டறைகளின் தவறு.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரெசின் பிரிண்டரில் தொட்டி நிறையத் திரவ அக்ரிலேட் இருக்கும். 405 நானோமீட்டர் ஒளி படும் இடத்தில் அது அடுக்கடுக்காக இறுகிப் பொருளாகும். ஒளி பட்டதும் வினையைத் தொடக்கிவைக்க ஒளிதொடக்கி என்ற வேதிப்பொருளும் அதில் கலந்திருக்கும். அச்சான பொருளில் ஒட்டியிருக்கும் ரெசினைப் பெரும்பாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி எடுக்கிறார்கள். அச்சாகும் நேரத்தில் தொட்டி சூடேறி ஆவி எழும். அதைவிட, மூடியைத் தூக்கும்போதும் திறந்த பாத்திரத்தில் அலசும்போதும்தான் நெடி அறையை நிறைக்கும். இறுகாத அக்ரிலேட் தோலில் படப்படச் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். பல் மருத்துவத் தொழில்நுட்பர்களும் ஜெல் நகப்பூச்சு வேலை செய்பவர்களும் இதைப் பல காலமாக அறிவார்கள். ஆல்கஹால் ஆவியோ காற்றைப்போல இரண்டு மடங்கு கனமானது. மேசையிலிருந்து வழிந்து கீழ்நோக்கிப் படரக்கூடியது. கூரையருகே மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் அதை இழுத்து முடிப்பதற்குள் அறையில் இருப்பவர் போதிய அளவு மூச்சில் வாங்கியிருப்பார்.

கெட்ட காற்றை எப்படி அகற்றுவது என்பதை ஒரு தொழில்நுட்பமாக எழுதிவைத்தவர்களில் முன்னோடி கியோர்க் அக்ரிகோலா. மருத்துவராக இருந்தவர், சாக்சனியின் கெம்னிட்ஸ் நகரின் மேயராகவும் இருந்தவர். சுரங்கத் தொழில் பற்றிய அவருடைய லத்தீன் நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1556இல், பாசல் நகரில் அச்சானது. அதன் ஆறாம் பாகத்தில் சுரங்கத்துக்குள் காற்றை நடத்தும் கருவிகளைப் படங்களோடு விளக்குகிறார். வீசும் காற்றைத் தடுத்துக் கிணற்றுக்குள் திருப்பும் பலகைகள், பெட்டிக்குள் சுழலும் விசிறிகள், ஆளோ குதிரையோ நீர்ச்சக்கரமோ இயக்கும் துருத்திகள் என மூன்று வகை. இவற்றில் சில தூய காற்றை உள்ளே ஊதின, சில கெட்ட காற்றை உறிஞ்சின. கருவிகளைவிட முக்கியமானது அவற்றோடு இணைந்த மரக்குழாய். அது மண்ணுக்கடியில் ஆள் வேலை செய்யும் இடம்வரை நீண்டது. வாயிலில் எவ்வளவு பெரிய துருத்தி இருந்தாலும், குழாய் அந்த இடம்வரை எட்டாவிட்டால் பயனில்லை என்பதை 16ஆம் நூற்றாண்டுச் சுரங்கத் தொழிலாளி அறிந்திருந்தான். அறையின் ஒரு மூலையில் பிரிண்டரும் எதிர்மூலையில் ஃபேனும் வைத்துவிட்டுக் காற்றோட்டம் செய்துவிட்டதாக நிம்மதி கொள்பவருக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

"சுரங்கத்தையும் உருக்காலையையும் வைத்து ஒரு வீட்டு இயந்திரத்தை எடைபோடலாமா? அளவு எங்கே, இது எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.  விடை டிரெஸ்டனிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள தாரண்ட் நகரில் கிடைத்தது. ஹைன்ரிக் கோட்டா 1811இல் அங்கே நிறுவிய வனவியல் பள்ளி 1816இல் அரசக் கல்விக்கூடமானது. 1847 முதல் அங்கே வேதியியல் கற்பித்த யூலியுஸ் அடோல்ஃப் ஷ்டோக்ஹார்ட், 1850களிலிருந்து உருக்காலைப் புகை தாவரங்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து, ஸ்புரூஸ், ஃபிர் மரங்களைப் பற்றிய விரிவான ஆய்வை 1871இல் வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியும் கரியையே பலரும் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த காலத்தில், கண்ணுக்குத் தெரியாத கந்தக டை ஆக்சைடே முதன்மைக் குற்றவாளி என்று காட்டினார். மிக நீர்த்த அளவிலும், திரும்பத் திரும்பப் பட்டால் அது இலையைக் கெடுக்கும் என்பது அவர் கண்டது. நம் கேள்விக்கு நேராகப் பொருந்துவது இதுதான். ஒரு நாள் அளவு சிறிதா பெரிதா என்பது பாதிக் கேள்வி. எத்தனை நாள், எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு சிறிய இடத்தில் என்பது மறுபாதி. தொழிலாளி எட்டு மணி நேரத்தில் ஆலையை விட்டு வெளியேறுகிறான். படுக்கையறை மூலையில் இரவெல்லாம் ஓடும் இயந்திரத்திடமிருந்து அங்கே உறங்கும் குழந்தைக்கு வெளியேற்றம் இல்லை.

ஷ்டோக்ஹார்ட் நோயைக் கண்டறிந்தார். மருந்துக்கு வழிகாட்டியவர் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியின் கிளெமென்ஸ் விங்க்லர். 1886இல் ஜெர்மேனியம் தனிமத்தைக் கண்டுபிடித்தவராக உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் 1875இல் வெளியிட்ட ஆய்வும் அதற்குச் சளைத்ததன்று. கந்தக டை ஆக்சைடைப் பிளாட்டினம் ஏற்றிய கல்நாரின் மேல் செலுத்தி, கந்தக அமிலமாக மாற்றத்தக்க டிரை ஆக்சைடாக்கும் வழியை அது வகுத்தது. அதற்கு முன்பே அந்த வட்டார உருக்காலைகள் வறுத்தல் புகையிலிருந்து ஈய அறைகளில் கந்தக அமிலம் எடுத்து வந்தன. நீண்ட புகைப்பாதைகளில் ஆர்செனிக்கைப் படியவைத்துச் சேகரித்தும் வந்தன. பயிரைக் கருக்கிய நஞ்சு சந்தையில் விலைபோகும் சரக்கானது. இந்த வெற்றிக்கு ஒரு நிபந்தனை இருந்தது, அது எனக்கு இந்த வரலாற்றின் மையமாகவே படுகிறது. மூடிய சூளைகளிலிருந்து வந்த செறிந்த வாயுவைத்தான் அமிலமாக்க முடிந்தது. திறந்த உலைகளில் வெளிக்காற்றோடு கலந்து நீர்த்துவிட்ட புகையைக் கொண்டு எதுவும் செய்ய இயலவில்லை. அந்த மிச்சத்துக்காகத்தான் 140 மீட்டர் புகைபோக்கி. நீர்த்துப்போனதைப் பிடிக்க முடியாது என்பதே அதன் உயரம் சொல்லும் உண்மை. ரெசின் பிரிண்டரை மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியிலிருந்தே குழாய் வழியாகச் சிறிதளவு காற்றை இழுத்தால் கிளம்பும் ஆவியில் பெரும்பகுதி கைக்குள் அகப்படும். அறை முழுக்கப் பரவவிட்டபின் எவ்வளவு வலுவான விசிறியும் அதைத் துரத்திக்கொண்டுதான் இருக்கும்.

மியூனிக்கின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858இல் வீடுகளின் காற்றோட்டம் பற்றி எழுதியபோது வேறு பாதையில் இதே முடிவுக்கு வந்தார். குப்பை மேடு கிடக்கும் அறையில் நாற்றம் போகக் காற்றோட்டம் செய்யாதே, குப்பையை அகற்று என்பது அவர் வாதத்தின் சாரம். காற்றோட்டம் மனித மூச்சும் வியர்வையும்போலத் தவிர்க்க முடியாதவற்றுக்கு மட்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு கரியமில வாயுவை அறைக்காற்றின் எல்லையாக வைத்தவரும் அவரே. அளவுகோல் ஒன்று வேண்டும், ஏனெனில் மூக்கு விரைவில் பழகிப்போகும். "வாசனை குறைந்த ரெசின்தானே" என்ற சமாதானம் இங்கே உடைகிறது. நெடி குறைவது ஆவி குறைவதற்குச் சான்றில்லை, ஆவி குறைவதும் தோலுக்கு நேரும் கேடு குறைவதற்குச் சான்றில்லை. பெட்டன்கோஃபருக்குப் பின் இதைக் கணக்காக்கியவர் டிரெஸ்டனில் 1847இல் பிறந்த ஹெர்மன் ரீட்ஷெல். வைமாரில் நிற்கும் கோத்தே-ஷில்லர் சிலையை வடித்த எர்ன்ஸ்ட் ரீட்ஷெலின் மகன். 1885இல் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் காற்றோட்டத்துக்கும் வெப்பமூட்டலுக்கும் பேராசிரியராகி, 1893இல் அத்துறையின் அடிப்படைக் கையேட்டை எழுதினார். அதற்குப் பிறகு காற்றோட்டம் ஊகவேலையாக இருக்கவில்லை. வெளியே எவ்வளவு போகிறதோ அவ்வளவு உள்ளே வரவேண்டும், வரும் வழி எது, குழாயின் வளைவுகள் எவ்வளவு தடுக்கின்றன என்று கணக்கிட வேண்டியதானது. கதவு ஜன்னலை இறுக மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடும் வீட்டில் இந்தக் கணக்கு முதல் வரியிலேயே தோற்றுவிடும்.

இவ்வளவு அறிவும் ஆலை வாசலோடு நின்றது. 1891இல் திருத்தப்பட்ட ஜெர்மன் தொழிற்சட்டம், போதிய வெளிச்சம், காற்று, தூசியும் ஆவியும் வாயுவும் அகற்றும் ஏற்பாடு ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஆய்வாளர் ஆலைக்குள் நுழையலாம். சமையலறைக்குள்? டிரெஸ்டனுக்குக் கிழக்கே செக் எல்லையை ஒட்டிய செப்னிட்ஸ் 1830கள் முதல் செயற்கைப் பூக்களுக்குப் பேர்போன ஊர். பெண்களும் குழந்தைகளும் வீட்டு மேசையிலேயே துணியை வெட்டி, சாயமிட்டு, பசை தடவி, இதழ்களைக் கோத்தார்கள். வீட்டு வேலைக்கென்று ஒரு தனிச்சட்டம் வர 1911 டிசம்பர்வரை ஆயிற்று. ஆனால் அதற்கு 24 ஆண்டுகள் முன்பே வேறொரு சட்டம் அந்த மேசைகளை எட்டிவிட்டது. 1887 ஜூலையில் வந்த நச்சுச் சாயச் சட்டம், சுவர்த்தாள், உடைத்துணி, செயற்கைப் பூக்கள், இலைகள் ஆகியவற்றில் ஆர்செனிக் சாயங்களை விலக்கியது. அந்தச் சட்டத்துக்கு எந்த ஆய்வாளரும் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. பொருளே வாராதபோது அதன் நஞ்சும் வராது. வீட்டை எட்டும் சட்டம் பொருளைப் பற்றிய சட்டம்தான், காற்றோட்டத்தைப் பற்றியதன்று. இதை அன்று யாரேனும் கோட்பாடாக எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடந்ததைப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர இயலவில்லை.

டிரெஸ்டன் நகரமோ தோற்றத்தில் கவனமாக இருந்தது. 1909இல் கட்டி முடித்த யெனிட்சே சிகரெட் ஆலை பள்ளிவாசல்போலக் கண்ணாடிக் குவிமாடத்தோடு நிற்கிறது, அதன் புகைபோக்கி மினார் வடிவில் ஒளிந்திருக்கிறது. பழைய நகரின் அழகு கெடக்கூடாது, ஆலை ஆலையாகத் தெரியக்கூடாது என்பது நகர விதி. இரண்டாண்டு கழித்து அதே நகரில், ஓடோல் வாய்க்கழுவியால் செல்வந்தரான கார்ல் அவுகுஸ்ட் லிங்னர் சர்வதேச சுகாதாரக் கண்காட்சியை நடத்தினார். 1911 மே முதல் அக்டோபர்வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததே இன்றும் இயங்கும் ஜெர்மன் சுகாதார அருங்காட்சியகம். நாஜிகளின் காலத்தில் இனவெறிப் பிரசாரத்துக்குத் துணைபோன கறையும் அதற்கு உண்டு. 1911இன் அறிவுப்பணி பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தும் அதன் முதன்மைக் குரல், ஒவ்வொருவரும் தத்தம் உடலைப் பேணக் கற்க வேண்டும் என்பது. பொருளைச் செய்து விற்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அந்தக் குரலில் அமுங்கிப்போகும். ரெசின் புட்டியின் ஒற்றை வரி எச்சரிக்கையும் பொறுப்பை அப்படித்தான் வாங்குபவரின் ஜன்னலுக்குத் தள்ளிவிடுகிறது.

ஒரு பிரிண்டரின் ஆவி திறந்த வெளியில் யாரையும் கொல்லாது, ஹால்ஸ்ப்ரூக்கவோடு ஒப்பிடுவது மிகை என்று சொல்பவர் பாதி சரி. காடு கருகாது. ஆனால் வெளியேற்றம் எங்கே முடிகிறது என்ற கேள்வி சிறிய அளவிலும் மாறுவதில்லை. சென்னையின் அடுக்ககங்களில் எத்தனையோ ஃபேன்கள் கழிப்பறைகளுக்கு இடையிலுள்ள பொதுச் சந்துக்குள்தான் ஊதுகின்றன. அங்கே விட்ட நெடி மேல்வீட்டு ஜன்னலில் ஏறும். வழக்கமான ஸ்பிளிட் ஏசியோ வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடுகிறது. ஏசி அறையில் பிரிண்டர் ஓட்டுவது பூட்டிய பெட்டிக்குள் அதோடு நாமும் உட்காருவதற்குச் சமம். கரி வடிகட்டி போதாதா என்றால், சில நூறு கிராம் கரி விரைவில் நிறைந்துவிடும், நிறைந்ததை நிறமோ ஒலியோ காட்டிக்கொடுக்காது. மூடிய பெட்டியோடு துணையாக அது நல்லது, தனியாக நம்பத்தக்கதன்று. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதே என்றால், ஜன்னல் சட்டத்தில் பொருத்தும் பலகை வழியே குழாயை வெளியே விடலாம். அதுவும் கூடாதென்றால், படுக்கையறையிலும் சமையலறையிலும் இந்த இயந்திரத்தை வைக்காதிருப்பதே ஒழுங்கு.

பொருள் பற்றிய சட்டமும் மெல்ல நகர்கிறது. டிபிஓ என்ற ஒளிதொடக்கி இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தரவல்லது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. 2023இல் அது மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் ஜெல் நகப்பூச்சு உள்ளிட்ட அழகுப்பொருள்களில் அதற்குத் தடை. அந்தத் தடை வீட்டு பிரிண்டருக்கான ரெசினைத் தொடவில்லை. 405 நானோமீட்டருக்கான ரெசின்களில் இன்றும் பரவலாகப் பயன்படும் ஒளிதொடக்கிகளில் டிபிஓவும் ஒன்று. நகத்தில் ஒரு சொட்டு பூச விலக்கப்பட்ட பொருளை லிட்டர் கணக்கில் படுக்கையறைக்கு விற்க முடிகிறது. இந்தியாவில் ரெசின் வாங்குபவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது பாதுகாப்புத் தரவுத்தாள், அதில் ஒளிதொடக்கியின் பெயர். ஃபேனின் விலையை விசாரிப்பது அதற்குப் பிறகு.