அரைச் சுற்றின் வரலாறு

வீட்டுப் பிள்ளைக்கென வாங்கிய கியர் சைக்கிள் சில மாதங்களிலேயே கரகரக்கத் தொடங்கிற்று. கியரை மாற்றினால் சங்கிலி அடுத்த பல்சக்கரத்தில் ஏறாமல் இடையில் தடுமாறும். சற்று அழுத்தி மிதித்தால் ‘கடக்’கென்று வழுக்கும். பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் முழுத் தொகுதியையும் மாற்றிவிடச் சொன்னார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பஞ்சர் ஒட்டுவதிலும் பெண்டு எடுப்பதிலும் ஓவராயில் செய்வதிலும் நம்மூர்க் கடைகளுக்குள்ள கைத்திறன் தலைமுறைகளாக வந்தது. ஆனால் அத்தலைமுறைகள் பழகியவை பெரும்பாலும் ஒற்றைக் கியர் வண்டிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வண்டியைத் தலைகீழாக நிறுத்திவைத்து, பின்சக்கரத்தருகே கேபிள் நுழையும் இடத்திலிருந்த சிறு உருளைத் திருகை விரல்களால் அரைச் சுற்று திருப்பினோம். கரகரப்பு நின்றது.

அந்த அரைச் சுற்றுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கத்தில் நிற்பவரும் நம்மைப் போன்ற ஓர் அமெச்சூரே என்பதுதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

முதலில் ஓர் எளிய கணக்கு. பெடலோடு சுழலும் சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் 16 பற்கள் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் மூன்று முறை சுழலும். பின்னால் 24 பற்களாக்கினால் இரண்டே முறை. வேகம் குறையும், ஆனால் மிதிப்பது எளிதாகும். சமவெளிக்கு முதலாவது, மலையேற்றத்துக்கு இரண்டாவது. இரண்டையும் ஒரே வண்டியில் வைத்துக்கொள்வது எப்படி என்பதே கேள்வி.

பிரான்சின் சேன்-எத்தியென் நகரில் பட்டு வணிகம் செய்துவந்த பால் தெ விவீ (1853–1930) இக்கேள்வியை வாழ்நாள் முழுதும் விடவில்லை. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய அவர், 1887இல் மிதிவண்டிக்கென்றே ஓர் இதழையும் தொடங்கினார். அந்நகரை அடுத்த ரிபப்ளிக் கணவாய் 1,161 மீட்டர் உயரமுடையது. அங்கே அவர் மூச்சுமுட்ட ஏறிக்கொண்டிருக்கையில், புகைக்குழாய் பிடித்தபடி ஒருவர் அவரை எளிதாகக் கடந்து சென்றதாகவும், அன்றுதான் தாழ்ந்த கியரின் அருமையை உணர்ந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அவர் அமைத்த தொடக்ககால வண்டிகளில் பல்சக்கரங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. ஆனால் சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கையால்தான் தூக்கிவைக்க வேண்டும். பொறியியல் பட்டமில்லாத வணிகர் ஒருவர் தம் வண்டியைத் தாமே கழற்றிப் பூட்டிப் பார்த்து, கண்டதை இதழில் எழுத, வாசகர்கள் தங்கள் அனுபவத்தைத் திருப்பி எழுத, இப்படித்தான் அந்த அறிவு வளர்ந்தது.

ஓடும் வண்டியிலேயே சங்கிலியை நகர்த்தும் கருவிகள் இவ்வட்டாரத்து முயற்சிகளிலிருந்து உருப்பெற்றன. பிரெஞ்சு மொழியில் அக்கருவிக்கு வாய்த்த பெயர் ‘தெராயர்’, ஆங்கிலத்தில் டிரேலியர். தடம் புரளச் செய்வது என்பதே அதன் பொருள். ரயில் தடம் புரண்டால் விபத்து. சங்கிலி தடம் புரண்டால் மலையேற்றம்! பெயர் வைத்தவர்களின் நகைச்சுவை உணர்வை வியக்காமல் இருக்க முடியவில்லை.

எதிர்ப்பு வந்த திசைதான் வியப்புக்குரியது. 1902இல் பிரெஞ்சு டூரிங் கிளப் பைரனீஸ் மலையில் நடத்திய சோதனை ஓட்டத்தில், மூன்று கியர் வண்டியோட்டிய மார்த் எஸ் என்ற பெண்மணி, ஒற்றைக் கியருடன் வந்த தேர்ந்த பந்தய வீரர் ஒருவரை முந்தினார். இருந்தும், அடுத்த ஆண்டு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்ஜ் மசியவில்லை. வெற்றி தசையின் வலிமையால் வரவேண்டும், கியர் மாற்றிகள் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியவை என்ற கருத்தை அவர் எழுதியதாக மிதிவண்டி வரலாறுகள் கூறுகின்றன. அவ்வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் நமக்கு இதைப் படிக்கையில் சற்றே சிரிப்பு வந்ததை மறைப்பதற்கில்லை.

பந்தய வீரர்கள் என்ன செய்தார்கள்? பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரங்களைப் பொருத்திக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, சிறகு மரைகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப்போட்டு ஏறுவார்கள்; உச்சியில் மீண்டும் அதே வேலை. 1927இல் இத்தாலியின் குரோச்சே தௌனே கணவாயில், குளிரில் விறைத்த விரல்களால் மரையைத் திருக முடியாமல் பந்தயத்தை இழந்த துல்லியோ கம்பன்யோலோ, சக்கரத்தை நொடியில் விடுவிக்கும் நெம்புகோலைச் சிந்தித்தார் என்று சொல்லப்படுவதுண்டு. சான்றுகள் போதா என்று ஆய்வாளர் சிலர் இக்கதையை ஐயுறுகின்றனர். 1933இல் அவர் நிறுவிய தொழிலகம் பின்னாளில் கியர்களுக்குப் புகழ்பெற்றது என்பதில் ஐயமில்லை.

டூர் தெ பிரான்ஸ் பந்தயம் கியர் மாற்றியை ஏற்க 1937 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு வென்ற ரொஜே லப்பேபியின் வண்டியில் அக்கருவி இருந்தது. சாதாரண மலைச்சுற்றுலாப் பயணிகளோ பல ஆண்டுகளாகவே அதைப் பயன்படுத்தி வந்தனர். கற்றுக்குட்டிகள் முன்னே செல்ல, வல்லுநர்கள் பின்னே வந்த விந்தை இது.

அதன்பின் வந்த அரை நூற்றாண்டில் கியர் மாற்றுவது காதால் செய்யும் வேலையாகவே இருந்தது. நெம்புகோலை எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு எவ்வித அடையாளமும் இல்லை. தள்ளி, சங்கிலியின் ஒலியைக் கேட்டு, சற்றே பின்வாங்கிச் சரிசெய்வார்கள். வீணை வாசிப்பவர் சுருதி சேர்ப்பதைப் போல. 1964இல் ஜப்பானின் சன்டூர் நிறுவனம் சாய்ந்த இணைகர அமைப்பை உருவாக்கியது. சங்கிலியை வழிநடத்தும் சிறு சக்கரம் எல்லாப் பல்சக்கரங்களிலிருந்தும் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் நிற்க அது வழிசெய்தது. 1984இல் ஷிமானோ நிறுவனம் தன் முதன்மைப் பந்தயக் கியர் தொகுதியில் ‘கிளிக்’ முறையைக் கொண்டுவந்தது. ஒரு கிளிக்குக் குறிப்பிட்ட அளவு கேபிள் இழுபடும். சங்கிலி சரியாக ஒரு பல்சக்கரம் நகரும். காதில் இருந்த அறிவு கருவிக்குள் குடியேறியது.

இது இழப்பா? அவ்வாறு புலம்ப நாம் தயாரில்லை. கிளிக் முறை வந்ததால்தான் பள்ளிச் சிறுவனும் முதல் நாளிலேயே கியர் மாற்றுகிறான். ஆனால் கருவிக்குள் சென்ற அறிவுக்கு ஒரு குறை உண்டு: தான் பிழைபடுவதை அது அறியாது. புதுக் கேபிள் ஓடியோடிச் சற்றே தளர்கிறது; அதன் உறை தன் இருப்பிடத்தில் படிந்துகொள்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த வேறுபாடு போதும். கிளிக் என்னவோ சரியாகவே ஒலிக்கும். சங்கிலிதான் தவறிய இடத்தில் நிற்கும்.

அங்கேதான் நம் அரைச் சுற்று நுழைகிறது. பெரும்பாலான வண்டிகளில், சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், பின்னால் நின்று பார்க்கையில் உருளைத் திருகை இடஞ்சுழியாகத் திருப்பிக் கேபிளை இறுக்க வேண்டும். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழி. ஒவ்வொரு முறையும் கால் சுற்று அல்லது அரைச் சுற்று; பிறகு பெடலைக் கையால் சுழற்றிக் கேட்க வேண்டும். அருகிலுள்ள இரண்டு எல்லைத் திருகுகளைக் காரணமின்றித் தொடலாகாது. அவை பிசகினால் சங்கிலி ஆரக்கம்பிகளுக்குள் பாய்ந்துவிடும். வண்டி விழுந்து டிரேலியர் தொங்கும் கொக்கி வளைந்திருந்தால், எத்தனை சுற்று திருப்பினாலும் பயனில்லை. முதலில் அதை நிமிர்த்தியாக வேண்டும்.

2009இல் ஷிமானோ, கேபிளுக்குப் பதில் மின்கம்பியும் மோட்டாரும் கொண்ட கியர்த் தொகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தளர்வதற்குக் கேபிளே இல்லாத அத்தகைய வண்டிகள் இந்தச் சிறு திருகை மறக்கடித்துவிடக்கூடும். எனினும் இன்றும் ஏராளமான வீடுகளில் கேபிள் வண்டிகளே நிற்கின்றன. அவற்றின் முன் மண்டியிட்டு, சங்கிலியின் ஒலிக்குக் காது கொடுத்துத் திருகைத் திருப்புகிறவர், தம்மை அறியாமலே சேன்-எத்தியென் பட்டு வணிகரின் இதழுக்கு ஒரு வாசகராகிவிடுகிறார். பிள்ளையை அருகில் அழைத்து, அடுத்த அரைச் சுற்றை அவன் கையாலேயே திருப்பச் செய்தோம். அவன் முதலில் தவறான பக்கம் திருப்பினான். கரகரப்பைக் கேட்டுத் தானே திருத்திக்கொண்டான்.