கடைசி நாட்களுக்கும் மருத்துவம் உண்டு



"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? உற்றார் உறவினருக்குச் சொல்லி அனுப்புகிறோம். நள்ளிரவில் நோயாளி வலியால் துடிக்கும்போது, "எல்லாம் தலைவிதி" என்று கண்ணீர் வடிக்கிறோம். அந்த வலி விதியன்று, தணிக்கக் கூடியதே என்று நிலைநாட்டியவர் ஒரு பெண்மணி. அவருடைய வரலாற்றை இன்று காண்போம்.

அவர் பெயர் சிசிலி சாண்டர்ஸ். 1918-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதலில் தாதியாகப் பணியாற்றினார். முதுகு வலியால் அப்பணியை விட்டு, மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்ப நலனைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தார். அங்கே டேவிட் தாஸ்மா என்னும் போலந்து நாட்டு அகதி புற்றுநோயால் வாடினார். சாகப்போகிறவர்களுக்கென ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். 1948-இல் இறந்த தாஸ்மா, அந்த இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருக்கவேண்டும் என்று சொல்லி, 500 பவுன் விட்டுச் சென்றார்.

அம்மையார் அதன் பிறகு மருத்துவம் படித்து, 1957-இல் மருத்துவரானார். அக்காலத்தில் வலி முற்றிய பிறகுதான் மார்ஃபின் கொடுப்பது வழக்கம். அம்மையாரோ, வலி வருமுன்பே, நான்கு மணிக்கு ஒரு முறை, அளவோடு, வாய்வழியாகக் கொடுத்தார். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை. தெளிவோடு பிள்ளைகளுடன் பேசினார்கள். ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரின் குறிப்புகளைத் திரட்டி இதனை அவர் மெய்ப்பித்தார். உடல்வலியோடு மனக்கவலை, பணக்கவலை, குடும்பக்கவலை அனைத்தும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்றும் எடுத்துரைத்தார்.

1967-இல் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. இத்தகைய இல்லத்திற்கு 'ஹோஸ்பிஸ்' என்று பெயர். விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 1969 முதல் அந்த இல்லத்துத் தாதியர் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்லத் தொடங்கினர். 2005-இல் அம்மையார் தாம் அமைத்த அதே இல்லத்தில் கண்மூடினார்.

நம் வட்டாரத்தில் நிலைமை எப்படி இருந்தது? சிங்கப்பூரின் சாகோ லேன் என்னும் தெருவில் 'சாவு வீடுகள்' இருந்தன. இடநெருக்கடியில் வாழ்ந்த ஏழைச் சீனத் தொழிலாளர்கள் கடைசி நாட்களைக் கழிக்க அங்கே வந்தனர். படுக்க இடம் இருந்தது. முறையான மருத்துவம் இல்லை. 1961-இல் அவை தடைசெய்யப்பட்டன. 1985-இல் சிங்கப்பூரின் செயிண்ட் ஜோசப் இல்லம், மரணத் தறுவாயில் உள்ளோருக்கென 16 படுக்கைகளை ஒதுக்கியது. 1991-இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றி, கட்டணமின்றி வீடு தேடிச் சென்று உதவலாயிற்று. 1995-இல் கோத்தா கினபாலு அரசாங்க மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு அமைந்தது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? நோயைத் தீர்க்க முடியாத போதும் வலியைத் தணிக்க முடியும். ஆகவே, "வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிட வேண்டாம். "வலிக்கு என்ன மருந்து? எத்தனை மணிக்கு ஒரு முறை? 'பாலியேட்டிவ்' பிரிவு எங்கே இருக்கிறது?" என்று தயங்காமல் கேட்போம். இரவெல்லாம் கண்விழிக்கும் தாய்க்கும் மனைவிக்கும் ஓய்வு வேண்டும்; அண்டை அயலார் முறை வைத்துத் துணையிருப்போம். வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கத் தெரிந்த நாம், வீட்டைவிட்டுப் போகிறவரையும் வலியில்லாமல் வழியனுப்புவோமாக.