பிறவாதார் பங்கு

ஊர் விட்டு வந்து பிற மாநிலத்தில் வாழும் குடும்பங்களாகிய நமக்குச் சேமிப்பு புதிதன்று. இன்றைய செலவில் ஒரு பிடி குறைத்து மக்களின் படிப்புக்கு எடுத்து வைக்கிறோம். ஒரு நாடு இதனைச் செய்யும்போதோ கேள்வி பெரிதாகிவிடுகிறது. மக்கள், பெயரர் என்னும் அளவோடு நாடு முடிந்துவிடுவதில்லை. முடிவின்றி வரக்கூடிய தலைமுறைகளின் நலத்தையும் நம் நலத்தையும் எந்தத் தராசில் நிறுப்பது?

1928இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் பிராங்க் ராம்சே இதற்குக் கணித வடிவம் தந்தார். பின்னால் பிறப்பவர் என்பதற்காகவே ஒருவருடைய இன்பத்தைக் குறைத்து மதிப்பது அறமாகாது என்பது அவர் துணிபு. கற்பனைக் குறைவே அதற்குக் காரணம் என்றும் கருதினார். ஆனால் குறைக்காமல் கூட்டினால் எல்லையற்ற தொகையன்றோ வருகிறது? ஆகவே எட்டக்கூடிய உச்சநிலை ஒன்றைக் கொண்டு, ஒவ்வொரு காலமும் அதற்கு எவ்வளவு தாழ்ந்துள்ளது என அளந்து, அக்குறைகளின் கூட்டுத்தொகையைச் சிறிதாக்கும் வழியைக் கண்டார். அதன்படி சேமிக்க வேண்டிய அளவு, எவரும் இயல்பாகச் சொல்லக்கூடியதை மிகவும் விஞ்சியது. அதனை அவரே ஒப்புக்கொண்டார்.

வறிய நாட்டுக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. ஐந்தாண்டுத் திட்டங்கள் இரும்பாலைக்கும் அணைக்கும் ஒதுக்கிய பணத்தில் அன்றைய ஏழையின் உலையரிசியும் ஒரு பங்கு. 1970களில் திட்டக் குழு உறுப்பினராக விளங்கிய சுகமோய் சக்கரவர்த்தி, அதற்கு முன்பே, 1962இல், முடிவிலாக் காலத்துக்கு மிகச் சிறந்த சேமிப்புத் திட்டம் என ஒன்று இருந்தே தீரும் என்று முன்கூட்டியே கொள்ள இயலாது எனக் காட்டினார். எளிதாக இப்படிக் கூறலாம்: இன்று சற்றே மிகுதியாகச் சேமித்தால் நாளை நலம் கூடும், நாளையும் அவ்வாறே. இப்படியே தள்ளிப் போட்டால் உண்ணும் நாளே வாராது.

வருங்கால நலத்துக்கு ஆண்டுதோறும் கழிவு கொடுத்துவிட்டால் கணக்கு எளிதாகும். நூற்றுக்கு 5 கழித்தால், 100 ஆண்டு கழித்து வாழ்பவரின் நலம் நம் நலத்தில் 130இல் ஒரு பங்கினும் சிறிது. இதனை நேர்மை என்று நம் நெஞ்சம் ஒப்பவில்லை.

2003இல் இந்தியப் பொருளியலாரான கௌசிக் பாசுவும் தபன் மித்ராவும் இரண்டே நிபந்தனைகளை எடுத்துக்கொண்டனர். எவையேனும் இரு தலைமுறைகள் இடம் மாறினாலும் மதிப்பு மாறக்கூடாது. எவருக்கும் குறையாமல் ஒரு தலைமுறைக்கு நலம் கூடினால் மதிப்பு கூட வேண்டும். மறுக்க முடியாத இவ்விரண்டையும் காத்து, ஒவ்வோர் எதிர்காலத்துக்கும் ஓர் எண்ணை மதிப்பாகத் தரும் முறை இருக்கவே முடியாது என அவர்கள் நிறுவினர்.

ஆயினும் திட்டம் தீட்டுவோர்க்கு ஏதேனும் ஓர் எண் வேண்டியுள்ளது. 2006இல் வெளிவந்த தட்பவெப்ப மாற்றம் பற்றிய ஸ்டெர்ன் அறிக்கை, மனித இனமே அழியக்கூடும் என்னும் ஐயத்துக்காக மட்டும் ஆண்டுக்கு நூற்றுக்கு 0.1 கழித்தது. அந்தச் சிற்றெண்ணைக் குறித்தே பொருளியலார் பெரும்பூசல் இட்டனர்.